வெல்டிங் இல்லாமல் அலுமினியப் படகின் ஒழுகலை அடைப்பது எப்படி: முழு வழிகாட்டி

ஆரம்பாக்கத்தில் இருந்து சுண்ணாம்புகுளம் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் ஃபைபர் படகுதான். நடுவில் ஒன்றிரண்டு அலுமினியப் படகும் கவிழ்ந்து கிடக்கும். ஏலத்தில் எடுத்தது, இறால் பண்ணைக்காரர் விற்றது என்று கை மாறிக் கை மாறி வந்தவை. என்னுடையதும் அப்படி வந்ததுதான். 12 அடி, தட்டை அடி, ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குமிழ் ஆணி) அடித்துச் சேர்த்த தகடு. விலை ஏன் அவ்வளவு குறைவு என்பது வாங்கின முதல் வாரமே புரிந்துவிட்டது. ராத்திரி கட்டிவிட்டுப் போனால் காலையில் உள்ளே கணுக்கால் தண்ணீர்.

யாரைக் கேட்டாலும் "ஆர்கான் வெல்டிங் வெச்சிடு" என்றுதான் சொன்னார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி சின்னப் படகுகளின் தகடு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்குள்ளேயே பொத்தென்று உருகி விழுந்துவிடும். இந்தத் தகட்டில் நன்றாகக் கை பழகினவர் மட்டும்தான் வெல்டிங் வைக்க முடியும். அது போதாதென்று, ரிவெட் போட்ட படகில் இரண்டு தகடு சேரும் இடத்துக்குள் பசை வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் சூடு காட்டினால் பக்கத்து ஒரு சாண் தூரத்துக்கு அந்தப் பசை கருகி, ஒரு ஓட்டையை அடைக்கப்போய் பத்து ரிவெட் ஒழுக ஆரம்பிக்கும். இருக்கைக்கு அடியில் மிதவை ஃபோம் இருந்தால் அதில் தீப்பிடிக்கிற பயம் வேறு.

வெல்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜின் மாட்டும் பின்பலகையின் மூலையில் தகடு கிழிந்திருந்தாலோ, உள்ளே குறுக்கே ஓடும் விலா எலும்பு மாதிரியான சட்டம் உடைந்திருந்தாலோ, விரலால் அழுத்தினால் தகடு அப்பளம் மாதிரி அமுங்கினாலோ, இதற்கு மேல் படிக்க வேண்டாம். நல்ல ஆளிடம் காட்டுங்கள். மற்றபடி தளர்ந்த ரிவெட், மயிரிழை விரிசல், கல்லோ கிளிஞ்சலோ குத்தின ஓட்டை, அரிப்பில் விழுந்த ஊசித்துளை எல்லாவற்றையும் வீட்டு வாசலில் வைத்தே சரி செய்யலாம்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள்

தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கியிருக்கிறேன். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம் நுழைகிற தண்ணீர் தகட்டு மடிப்பு வழியாகவே ஓடிவந்து பின்னால்தான் தேங்கும். அதனால் பின்பக்கத்தையே சுரண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அங்கே கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது, ஆனால் அது டிரெயின் பிளக்கின் (உள்ளே தேங்கின தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பான்) ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததால். இருபது ரூபாய் சமாச்சாரம். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னால் டிரெயின் பிளக், அதைச் சுற்றியுள்ள திருகுகள், இன்ஜின் போல்ட் போகும் துளைகள் இந்த மூன்றையும் பாருங்கள்.

அப்புறம் எதிர்த்திசையில் ஒரு சோதனை. படகை இரண்டு மூன்று மரக்கட்டைகள் மேல் தூக்கி வையுங்கள். அடிப்பக்கம் முழுவதும் துடைத்துக் காய வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். வெளியில் இருந்து உள்ளே வருகிற தண்ணீர் இப்போது உள்ளே இருந்து வெளியே வரும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: 12 அடிப் படகில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 180 லிட்டர், அதாவது 180 கிலோ. படகு தண்ணீரில் மிதக்கும்போது எடை அடி முழுக்கப் பரவும், கட்டை மேல் இருக்கும்போது அந்த இரண்டு மூன்று இடத்தில்தான் அழுத்தும். அதனால் கட்டையை விலாச் சட்டம் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே கொடுங்கள், தண்ணீரும் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடியில் ஆள் படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

சொட்டுகிற ஒவ்வொரு இடத்தையும் மார்க்கரால் வட்டம் போடுங்கள். சாக்பீஸ் ஈரத்தில் அழிந்துவிடும். உடனே சொட்டுவது ஒன்று, அரை மணி கழித்து வியர்க்கிற மாதிரி கசிவது இன்னொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு அடையாளம் வைத்துக்கொண்டால் பின்னால் வேலைக்கு உதவும். என் படகில் 23 வட்டம் வந்தது. அதில் 17 ரிவெட், 2 விரிசல், மீதி அரிப்புத் துளை.

தண்ணீர் ஊற்ற வசதி இல்லை, படகைத் தூக்க ஆள் இல்லை என்றால் கோலமாவு இருக்கிறது. படகைக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் மிதக்க விட்டு, உள்ளே நன்றாகத் துடைத்து, ரிவெட் வரிசை மேலும் மடிப்பு ஓரங்களிலும் கோலமாவைக் கோடாகத் தூவிவிடுங்கள். ஈரம் நுழைகிற இடத்தில் மாவு கறுத்துப்போகும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

ரிவெட்டை மட்டும் தனியாகச் சோதிக்க இன்னொரு வழி. வெளியே ஒருவர் ரிவெட் தலையில் விரலை வைத்துக்கொள்ள, உள்ளே இருந்து இன்னொருவர் மெல்லத் தட்ட வேண்டும். இறுகினது தகட்டோடு சேர்ந்து அதிரும். தளர்ந்தது விரலுக்குள் தனியாக நடுங்கும். சில ரிவெட் தலையைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி கறுப்பு வளையம் தெரியும். அது அழுக்கு இல்லை, ரிவெட்டும் தகடும் உரசி உரசி உதிர்ந்த அலுமினியத் தூள். அந்த ரிவெட் இன்றைக்கு ஒழுகாவிட்டாலும் அடுத்த மாதம் ஒழுகும், அதற்கும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியது, வாங்கக் கூடாதது

சாதாரண ஜன்னல் சிலிக்கானை வாங்காதீர்கள். முதல் வருஷம் நான் செய்த தவறு இதுதான். வினிகர் வாடை அடிக்கிறதே, அந்த வகை காயும்போது விடுகிற அமிலம் அலுமினியத்தைத் தின்னும். அதைவிடப் பெரிய தொல்லை, அது உரிந்துபோன பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு தகட்டில் தங்கிவிடும், அதன் மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. நான் இரண்டு டியூப் அப்பிவிட்டு, அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாள் உட்கார்ந்தேன்.

வேண்டியது படகுக்கென்று வரும் பாலியூரிதீன் சீலன்ட். சிக்காஃப்ளெக்ஸ் 291 மாதிரி வகை. காசிமேட்டில் படகுச் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் பாரிமுனைப் பக்கம். இது காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இழுபடும். ஏன் இழுபட வேண்டும் என்றால், அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும். 4 மீட்டர் நீளப் படகு விடிகாலைக் குளிர்ச்சிக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் 30 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அதோடு கூட வளைந்து கொடுக்காத எதுவும் ஓரத்தில் விட்டுக்கொண்டு வந்துவிடும்.

இபாக்ஸியும் வேண்டும், ஆனால் வேறு வேலைக்கு. ஊசித்துளை, அரிப்புக் குழி நிரப்ப, இரண்டு பாகம் கலக்கிற கெட்டி வகை. அரால்டைட் மாதிரி நிதானமாக இறுகுவது நல்லது. ஐந்து நிமிஷத்தில் இறுகுகிற வகை தண்ணீருக்குள் அவ்வளவு தாங்காது. எம்-சீல் படகிலேயே ஒரு பாக்கெட் எப்போதும் கிடக்கட்டும், ஆபத்துக்கு உதவும். அதையே நிரந்தர வைத்தியம் என்று நம்ப வேண்டாம்.

ரிவெட் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். கடையில் பாப் ரிவெட் (நடு ஆணியை ரிவெட் கன்னால் இழுத்து இறுக்கும் வகை) என்று கேட்டால் சாதாரணமாகக் கொடுப்பதன் நடுவில் ஓட்டை இருக்கும், ஆணி உடைந்து வெளியே வந்ததும் தண்ணீர் அந்த வழியாகவே சொட்டும். உங்களுக்கு வேண்டியது முனை மூடிய ரிவெட், பார்த்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். உடம்பும் அலுமினியம், நடு ஆணியும் அலுமினியமாக இருந்தால் உத்தமம். கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். நடு ஆணியில் ஒட்டினால் அது இரும்பு, உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும், வேண்டாம்.

இதே காரணத்துக்காகத்தான் பித்தளைத் திருகு, செம்பு வாஷர், சாதாரண இரும்பு போல்ட் எதையும் படகுத் தண்ணீருக்குக் கீழே வைக்காதீர்கள். நம் ஏரித் தண்ணீர் உவர்நீர். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு இறங்கும், சித்திரை வெயிலில் ஏறிவிடும். அந்த உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு கிடந்தால் அது ஒரு பேட்டரிதான், இந்தப் பித்தளை, செம்பு, இரும்போடு சேர்ந்தால் அதில் கரைந்துபோவது அலுமினியம்தான்.

மீதியெல்லாம் சில்லறை: டிரில்லிங் மிஷின், 3 மில்லிமீட்டர் பிட்டும் ரிவெட்டுக்கு ஏற்ற பிட்டும், 80 நம்பர் உப்புத்தாள், எவர்சில்வர் கம்பி பிரஷ், அசிட்டோன், பனியன் துணி, ரிவெட் கன், மாஸ்கிங் டேப், கையுறை. இபாக்ஸியை வெறுங்கையால் தொட்டுப் பழகினால் ஒருநாள் தோல் வெடித்து அரிக்கும், அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாது. அசிட்டோன் திறக்கிற இடத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். பெட்ரோல் டேங்கை முதலிலேயே கழற்றி எடுத்துத் தூர வைத்துவிடுங்கள்.

வீடியோக்களில் ஒரு வெள்ளிக் கம்பி காட்டுவார்களே, கேஸ் டார்ச்சால் சூடு காட்டி ஓட்டை மேல் உருக்கி விடுவது. அது துத்தநாகம் கலந்த கம்பி, 400 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். மேஜை மேல் வைத்த துண்டுத் தகட்டில் அழகாக ஒட்டும். முழுப் படகில் சூடு நாலா பக்கமும் ஓடிவிடும், தகடு நெளியும், பக்கத்து ரிவெட்டின் பசை போகும். நான் ஒரு தடவை முயன்று, படகின் பக்கவாட்டில் ஒரு அலை மாதிரி நெளிவை நிரந்தரமாகச் சம்பாதித்துக்கொண்டேன்.

சுத்தம்: பாதி வேலை இதுதான்

முதலில் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உப்புத் துளி ஒன்று பசைக்கு அடியில் மாட்டினாலும் அங்கிருந்து அரிப்பு தொடங்கும். ஒட்டியிருக்கிற கொட்டலசுகளை (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்கள்) மரச் சில்லால் தட்டி எடுங்கள், உளி வேண்டாம்.

காய்ந்ததும் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். அதன் பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசையைப் பலரும் மாற்றிச் செய்வார்கள். எண்ணெயோடு தேய்த்தால் உப்புத்தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் திணித்துவிடும், அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் வராது. தேய்க்கும்போது பழைய பெயின்ட் போய், தகடு மங்கலான வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள். வெள்ளைப் பொடி பூத்திருக்கும் குழிகளை எவர்சில்வர் பிரஷால் தோண்டி எடுங்கள். சாதாரண இரும்பு பிரஷ் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து ஒவ்வொன்றும் ஒரு புதுக் குழியை உண்டாக்கும். தேய்த்த பிறகு புதுத் துணியால் மறுபடி ஒரு துடை.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கை நல்ல தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் சரி. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்ப முதலில் இருந்து.

அடுத்தது நேரம். அலுமினியத்தைத் தேய்த்த அந்த நொடியே காற்றுப்பட்டு அதன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் வளர ஆரம்பித்துவிடும். அதனால் காலையில் தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் பசை போட்டால் நிற்காது. தேய்த்துக் காய்ந்ததும் அரை மணிக்குள் பசை ஏறிவிட வேண்டும். இபாக்ஸியாக இருந்தால் ஒரு தந்திரம் உண்டு: முதல் பூச்சாகக் கொஞ்சம் இபாக்ஸியைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அதன் மேலேயே உப்புத்தாளால் தேயுங்கள். புதிதாகத் திறக்கிற உலோகத்தைக் காற்று தொடுவதற்கு முன்னால் இபாக்ஸி தொட்டுவிடும். அழுக்கான வேலை, கை பிசுபிசுக்கும், ஆனால் நான் இப்படி ஒட்டினது ஒன்றுகூட இதுவரை உரியவில்லை.

ரிவெட்டை இறுக்குவது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் மச்சினன் ஆந்திரப் பக்கத்துத் தடாக்காரன், தெலுங்கில் "பாவா" என்றுதான் என்னைக் கூப்பிடுவான். அவனைப் படகின் வெளிப்பக்கம் உட்கார வைத்தேன். கையில் டிங்கர் கடையில் கேட்டு வாங்கின டாலி, ஒன்றரைக் கிலோ இரும்புக் கட்டி. அதை ரிவெட்டின் வெளித்தலை மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. உள்ளே இருந்து ரிவெட்டின் வால் பக்கத்தை உருண்டை முனைச் சுத்தியலால் தட்டுவது என் வேலை.

முதல் ரிவெட்டில் நான் கொஞ்சம் வேகமாக அடித்துவிட்டேன். வெளியே இருந்து சத்தம் வந்தது: "பாவா, கட்டி கையில இருந்து எகிறுது, மெல்ல!" அவன் சொன்னது சரிதான். பெரிய அடி அடித்தால் ரிவெட் இறுகாது, துளைதான் அகலமாகும். சின்னச் சின்னதாக நாலைந்து தட்டு, நடுவில் ஒன்று, சுற்றி நாலு. இறுகும்போது சத்தமே மாறும். தளர்ந்த ரிவெட் சொத்தென்று கேட்கும், இறுகினது கிண்ணென்று கேட்கும். ஏழெட்டு ரிவெட் முடிந்ததும் அவனே உள்ளங்கை அதிர்வை வைத்து "இது போதும், அடுத்தது" என்று சொல்ல ஆரம்பித்தான். டாலி பிடிக்கிறவர் பேச்சைக் கேளுங்கள், அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இறுக்கின பிறகும் ஆடுகிறதா? அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். தலையின் நடுவில் புள்ளி குத்தி, டிரில்லால் தலையை மட்டும் எடுங்கள், தகடுவரை போகாதீர்கள். மீதியை ஆணியால் தட்டி வெளியே தள்ளுங்கள். துளை வட்டமாகவே இருந்தால் அதே அளவு ரிவெட். நீள்வட்டமாகப் போயிருந்தால் அடுத்த பெரிய அளவுக்குத் துளைத்துக்கொள்ளுங்கள். என் படகில் இருந்தது 4.8 மில்லிமீட்டர், கெட்டுப்போன இடத்தில் 6.4 போட்டேன். துளை ரிவெட்டைவிட 0.1 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். கையை ஆட்டாமல் நேராகத் துளையுங்கள்.

புது ரிவெட்டை அப்படியே போடக் கூடாது. துளைக்குள்ளும் ரிவெட் கழுத்திலும் சீலன்ட் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே இழுத்து இறுக்க வேண்டும். இரும்பு வேலை பழகினவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தகட்டைப் பிடித்து நிறுத்துவது ரிவெட், தண்ணீரைத் தடுப்பது சீலன்ட். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பழைய பாணியில் (நடுவில் துளை இல்லாத, சுத்தியலால் அடிக்கும்) கட்டி ரிவெட்டே அடிப்பதாக இருந்தால், தகடுகளைத் தாண்டி வெளியே நீட்டுகிற வால், ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். 4.8-க்கு 7 மில்லிமீட்டர் கணக்கு.

சொட்டாமல் வியர்க்க மட்டும் செய்த ரிவெட்டுகளை மாற்ற வேண்டாம். உள்பக்கம் சுத்தம் செய்து, தண்ணீர் மாதிரி ஓடுகிற மெல்லிய இபாக்ஸியை பிரஷால் ரிவெட்டைச் சுற்றிப் பூசுங்கள். பூசுவதற்கு முன்னால் ஹேர் டிரையரால் அந்த இடத்தைக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பூசினால், ஆறும்போது இடுக்கில் இருக்கும் காற்று சுருங்கி இபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

விரிசலும் ஓட்டையும்

விரிசல் மேல் நேரடியாகப் பசை அப்பினால் அது அடியில் வளர்ந்துகொண்டே போகும். முதலில் அதன் இரண்டு முனையையும் கண்டுபிடித்து, முனை ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கூர்மையான முனையில்தான் இழுவிசை குவிந்து தகட்டைக் கிழிக்கும், அதை வட்டமாக்கிவிட்டால் விசை பரவிவிடும். கண்ணுக்குத் தெரிகிற முனை உண்மையான முனையாக இருக்காது. பேனா மை ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மை ஓடி நிற்கிற இடம்தான் முனை, துளை அந்த முனையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

அரிப்பு ஊசித்துளையைக் கெட்டி இபாக்ஸியால் நிரப்பினால் போதும், நான் சொன்ன மாதிரி ஈரத்திலேயே தேய்த்து. இபாக்ஸியை ஒரே கப்பில் நிறையக் கலக்காதீர்கள், நம் ஊர் மே மாத வெயிலில் கப்பிலேயே கொதித்துக் கல்லாகிவிடும். நிழலில், காலை 9 மணிக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் பரப்பிக் கலக்குங்கள்.

விரிசலுக்கும் பெரிய ஓட்டைக்கும் ஒட்டுத் தகடு வேண்டும். படகுத் தகட்டின் அளவே கனம், 5052 அல்லது 5083 என்ற அலுமினிய ரகம். காயலான் கடையில் எடுக்கிற பலகாரத் தட்டு, பெயர்ப்பலகைத் தகடெல்லாம் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அட்டையில் வெட்டி அளவு பாருங்கள்: சேதத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 4, 5 சென்டிமீட்டர் வர வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூர் மூலைதான் முதலில் உரியும். ஓரத்தை அரத்தால் சரிவாக்கிவிடுங்கள். ஒட்டுத் தகட்டை வெளிப்பக்கம் வைப்பதே என் வழக்கம். தண்ணீர் அழுத்தமே அதைப் படகோடு சேர்த்துப் பிடிக்கும். ஆனால் பழவேற்காடு ஏரி பல இடத்தில் இடுப்பளவுகூட இல்லை, அடி சேற்றிலும் சிப்பியிலும் உரசிக்கொண்டே போகும். ஆகவே ஏராவுக்கு (அடியின் நடுவில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) பக்கத்தில் உரசும் இடமாக இருந்தால் உள்பக்கம் வைப்பேன்.

பசை இல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். ஒட்டுத் தகட்டை வைத்து, நாலு மூலையில் துளை போட்டு, சின்ன போல்ட் நட்டால் தற்காலிகமாக இறுக்கி, மீதித் துளைகளைப் போடுங்கள். ரிவெட்டுக்கு ரிவெட் 2 முதல் 2.5 சென்டிமீட்டர், ஓரத்தில் இருந்து குறைந்தது 1 சென்டிமீட்டர் உள்ளே. எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் கழற்றி, துளைகளின் பிசிறு எடுத்து, இரண்டு முகத்தையும் மறுபடி தேய்த்துத் துடையுங்கள். சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சீலன்ட்டை நடுவில் ஒரு கோடு, துளை வரிசைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு கோடு என்று தாராளமாக விட்டு, ஒட்டுத் தகட்டை வைத்து, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி ரிவெட் அடித்துக்கொண்டே போங்கள். நாலா பக்கமும் பசை பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத பக்கம் இருந்தால் அங்கே வெற்றிடம். அதற்காகப் பசை முழுக்க வெளியே வந்துவிடுகிற அளவுக்கு இறுக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஓரத்தை ஒரே இழுப்பில் வழித்து, உடனே டேப்பை உரித்துவிடுங்கள்.

இப்போது பொறுமை. பாலியூரிதீன் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் காயும், வெளியே தோல் கட்டிவிட்டாலும் தகட்டுக்கு இடையில் மெல்லத்தான் போகும். ஒரு வாரம் தொடாதீர்கள்.

தகடு மேல் தகடு ஏறும் நீள மடிப்பில் கசிந்தால் ரிவெட்டை இறுக்கிவிட்டு, இடுக்கில் இருக்கும் பழைய பசையைக் கொக்கிக் கம்பியால் சுரண்டி எடுத்து, புது சீலன்ட்டை மெல்லிய மூக்கால் திணியுங்கள். மரத்தோணிக்குக் கலப்பற்று போடுகிற பெரியவர்கள் பஞ்சைத் திணிப்பார்களே, கை வேலை கிட்டத்தட்ட அதேதான். பஞ்சு மட்டும் இதில் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும்.

சோதனை, பெயின்ட், அப்புறம்

வாரம் கழித்து மறுபடி உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். என் 23 வட்டத்தில் முதல் சுற்றிலேயே 20 நின்றது. மூன்று திரும்பச் செய்ய வேண்டி வந்தது, மூன்றுமே நான் சாயங்காலம் அவசரமாக, தேய்த்து ரொம்ப நேரம் கழித்துப் பசை போட்ட இடங்கள். தண்ணீர்ச் சோதனை தேறினால் கரையோரமாக ஒரு மணி நேரம் இன்ஜின் போட்டு ஓட்டுங்கள். நின்றிருக்கும்போது ஒழுகாத ரிவெட் அதிர்வில் ஒழுகும்.

வெறும் அலுமினியத்தின் மேல் சாதாரண பெயின்ட் நிற்காது. எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் முதல் பூச்சு) அடித்துவிட்டு அதன் மேல் அடியுங்கள். பாசி, கொட்டலசு பிடிக்காமல் இருக்க விற்கிற பெயின்ட்டில் செம்பு கலந்த வகையைத் தொடவே வேண்டாம், அது அலுமினியப் படகுக்கு விஷம். பின்பக்கம் ஒரு அலுமினிய அனோடு கட்டி மாட்டினால் அரிப்பு உங்கள் தகட்டை விட்டுவிட்டு அதைத் தின்னும். உவர்நீருக்குத் துத்தநாகத்தைவிட அதுதான் பொருத்தம். அதன் மேல் மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள்.

உள்ளே சாக்கு, கார்ப்பெட், ஈரச் சேறு எதையும் தகட்டோடு ஒட்டிக் கிடக்க விடாதீர்கள். காற்றுப் படாமல் ஈரத்தில் கிடக்கிற அலுமினியம்தான் ஊசித்துளை விடும். என் படகில் இருந்த அரிப்புத் துளைகள் நாலுமே பழைய சொந்தக்காரர் விரித்திருந்த ஒரு கோணிக்கு அடியில் இருந்தவை.

ஏரி நடுவில் திடீரென்று ஒழுகினால்: லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்கள், கூட இருப்பவரைத் தண்ணீர் இறைக்கச் சொல்லுங்கள், கரைப் பக்கம் திருப்புங்கள். விரிசல் என்றால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து இடுக்கில் ஏற்றுங்கள், கொஞ்ச நேரம் தாங்கும். விரல் நுழைகிற ஓட்டை என்றால் மென்மையான மரக்குச்சியில் துணி சுற்றி முறுக்கி அடைத்து, சுற்றி எம்-சீல் பிசைந்து அப்புங்கள். நான் படகில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா வைத்திருக்கிறேன்: எம்-சீல் இரண்டு, சோப்பு ஒன்று, கூராகச் சீவின முருங்கைக் கட்டை மூன்று, கிழிந்த வேட்டித் துண்டு ஒன்று. போன கார்த்திகையில் மச்சினன் அதில் இருந்த சோப்பை எடுத்துக் கை கழுவிவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. இப்போது மூடியில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன், தமிழில் ஒன்று, அவனுக்காகத் தெலுங்கில் ஒன்று.